பள்ளித் தரவைத் திருத்துவதும் பயன்படுத்துவதும்: தலைமை ஆசிரியருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

புதிதாகப் பொறுப்பேற்கும் தலைமை ஆசிரியர்கள் பலர் முதல் வாரத்திலேயே எமிஸ் தளத்தை (பள்ளி, மாணவர் விவரங்களைப் பதியும் மாநிலக் கல்வித் துறையின் இணையதளம்) திறந்து, காலியாகக் கிடக்கும் கட்டங்களை நிரப்பத் தொடங்குகிறார்கள். பெரும்பாலான பிழைகள் பிறக்கும் இடம் அதுதான். பழைய தவறின் மேல் புதிய தகவலை அடுக்கிவிட்டால், ஆறு மாதம் கழித்து எது சரி, எது தவறு என்று யாராலும் பிரித்தெடுக்க முடியாது.

தமிழ்நாட்டு அரசுத் தொடக்க, நடுநிலைப் பள்ளிகளை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். உயர்நிலைப் பள்ளிக்கும் பெரும்பகுதி பொருந்தும். முதலில் பிள்ளை, அடுத்து பதிவேடு, கடைசியில் திரை. இந்த வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்.

## 1. திரையைத் திறக்கும் முன் மேசைக்கு வர வேண்டியவை

சேர்க்கை நீக்கப் பதிவேடு, எல்லா வகுப்புகளின் வருகைப் பதிவேடுகள், மாற்றுச் சான்றிதழ் புத்தகத்தின் அடிக்கட்டைகள், பிறப்புச் சான்றிதழ் நகல்கள், சென்ற ஆண்டு அனுப்பிய யு-டைஸ் பிளஸ் (நாடு முழுவதும் பள்ளிகளிடம் ஆண்டுதோறும் திரட்டும் புள்ளிவிவரம்) படிவத்தின் அச்சு நகல், சத்துணவுப் பதிவேடு. இவை ஆறும் ஒரே நேரத்தில் ஒரே மேசையில் இருக்க வேண்டும். ஒன்று பீரோவிலும் மற்றொன்று வகுப்பாசிரியர் வீட்டிலும் இருந்தால், நினைவிலிருந்து நிரப்பும் பழக்கம் வந்துவிடும்.

பள்ளியின் 11 இலக்க யு-டைஸ் எண்ணை நீங்களே ஒருமுறை பிரித்துப் படியுங்கள். முதல் இரண்டு இலக்கம் மாநிலம் (நமக்கு 33), அடுத்த இரண்டு மாவட்டம், அதற்கடுத்த இரண்டு ஒன்றியம், பின் மூன்று இலக்கம் ஊர், கடைசி இரண்டு பள்ளி. ஒரே வளாகத்தில் தொடக்கப் பள்ளியும் உயர்நிலைப் பள்ளியும் இருக்கும் இடங்களில் கடைசி இரண்டு இலக்கம் மாறிப்போய், இந்தப் பள்ளியின் கழிப்பறை அந்தப் பள்ளியின் கணக்கில் ஏறியிருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

இவற்றோடு ஒரு தடித்த நோட்டு வேண்டும். அதன் மேல் 'திருத்தக் குறிப்பேடு' என்று எழுதுங்கள். தேதி, பிள்ளையின் பெயர், முன்பு என்ன இருந்தது, இப்போது என்னவாக மாற்றினோம், எந்த ஆவணத்தைப் பார்த்து மாற்றினோம், மாற்றியவர் கையெழுத்து என ஆறு பத்திகள் போதும். திரையில் பழைய தகவல் மறைந்து புதியது மட்டும் நிற்கும். ஏன் மாற்றினீர்கள் என்று பெற்றோர் வந்து கேட்கும் நாளில் இந்த நோட்டு ஒன்றுதான் உங்களிடம் இருக்கும்.

## 2. எந்தத் தகவல் யாருக்குப் பயன்படுகிறது என்று எழுதிப் பாருங்கள்

இந்தப் படியை எல்லோரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். எல்லாக் கட்டங்களும் ஒரே எடை கொண்டவை என்று நினைத்தால், அவசரத்தில் எதையோ போட்டு எல்லாவற்றையும் முடித்துவிடத் தோன்றும்.

ஒரு தாளில் இரண்டு பத்திகள் போடுங்கள். இடப் பக்கம் தகவல், வலப் பக்கம் அது தவறினால் பாதிக்கப்படுபவர். எடுத்துக்காட்டாக, ஆகஸ்ட் 1 நிலவர மாணவர் எண்ணிக்கை ஆசிரியர் பணியிட நிர்ணயத்துக்கு அடிப்படை. கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி தொடக்க வகுப்புகளில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள். 61 முதல் 90 வரை மூவர். வகுப்பில் உட்கார்ந்திருக்கும் 61-வது பிள்ளை கணக்கில் ஏறாவிட்டால், ஒரு பள்ளியே ஓர் ஆண்டு முழுவதும் ஓர் ஆசிரியரை இழக்கிறது. இல்லாத பிள்ளையைக் கணக்கில் ஏற்றினால், உண்மையாகவே 61 பிள்ளைகள் இருக்கும் பக்கத்து ஊர்ப் பள்ளிக்குப் போக வேண்டிய ஆசிரியரை நாம் பிடித்துவைக்கிறோம்.

அதே போல, 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை எந்தப் பள்ளியில் படித்தார் என்ற வரலாறு. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020-இல் வந்த 7.5 விழுக்காடு இடஒதுக்கீடும், உயர்கல்வி படிக்கும் பெண்களுக்கு உதவித்தொகை தர 2022-இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டமும் இந்த வரலாற்றைப் பார்த்தே தகுதியை முடிவு செய்கின்றன. ஏழாம் வகுப்பில் விட்டுப்போன ஓர் ஆண்டு, அந்தப் பெண் கல்லூரி வாசலில் நிற்கும்போது கண்ணில் படும். அப்போது நீங்கள் வேறு ஊரில் இருப்பீர்கள்.

பட்டியல் முடிந்ததும் தவறவே கூடாத தகவல்களை வட்டமிடுங்கள். பெயர், பிறந்த தேதி, பெற்றோர் பெயர், சேர்ந்த தேதி, வகுப்பு, மாற்றுத்திறன் விவரம், தொடர்பு எண். நேரம் குறைவாக இருந்தால் இவற்றை மட்டும் முதலில் முடியுங்கள்.

## 3. தலைகளை எண்ணுங்கள்

ஜூலை முதல் இரண்டு வாரங்களில் இதைச் செய்வது நல்லது. ஜூனில் சேர்க்கை ஓடிக்கொண்டிருக்கும். ஆகஸ்ட் முதல் தேதி நெருங்கிவிட்டால் திருத்த நேரம் இருக்காது.

ஒவ்வொரு வகுப்புக்கும் நேரில் போங்கள். வருகைப் பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு, பெயரை நீங்கள் வாசியுங்கள். பிள்ளை எழுந்து நிற்கட்டும். பிறகு அந்த வகுப்பின் எமிஸ் பட்டியலை அச்செடுத்து, மூன்றையும் ஒப்பிடுங்கள்: இருக்கையில் இருப்பவர், பதிவேட்டில் இருப்பவர், திரையில் இருப்பவர்.

மூன்று வகையான வேறுபாடுகள் வரும்.

திரையில் இருக்கிறார், இருக்கையில் இல்லை. இவர் வேறு பள்ளிக்குப் போயிருக்கலாம், நீண்ட நாள் வராதவராக இருக்கலாம், குடும்பம் வேலைக்காக வெளியூர் போயிருக்கலாம். மூன்றுக்கும் செய்ய வேண்டியவை வேறு வேறு. ஆகவே வீட்டுக்கு ஆள் அனுப்பி விசாரிக்காமல் பெயரை நீக்காதீர்கள்.

பதிவேட்டில் இருக்கிறார், திரையில் வேறு வகுப்பில் இருக்கிறார். ஆண்டு இறுதியில் வகுப்பு உயர்த்தும்போது நடந்த பிழை இது. சரிசெய்வது எளிது.

இருக்கையில் இருக்கிறார், திரையில் இல்லை. இதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். பழைய பள்ளி அவரை விடுவிக்காமல் இருக்கும். அல்லது மாற்றுச் சான்றிதழ் வந்த பிறகு சேர்க்கலாம் என்று நம் பள்ளியே தள்ளிப்போட்டிருக்கும். ஓர் ஊரில் இப்படி ஒரு நான்காம் வகுப்புப் பெண் பிள்ளை நான்கு மாதம் உட்கார்ந்திருந்தாள். விலையில்லாப் பொருட்கள் வந்த நாளில் பட்டியலில் பெயர் இல்லாததால் அவளுக்கு மட்டும் சீருடை வரவில்லை. அவள் பழைய பள்ளியின் சீருடையிலேயே வந்துகொண்டிருந்தாள். நிறம் ஒன்றுதான் என்பதால் யாரும் கவனிக்கவில்லை. கை மட்டும் முழங்கைக்கு மேலே ஏறியிருந்தது. திரையில் ஒரு வரி விடுபட்டால் அது பிள்ளையின் உடம்பில் எப்படித் தெரியும் என்பதை அன்று பார்த்தேன்.

பழைய எண்ணைத் தேடிப் பிடிக்கப் பொறுமையில்லாமல், பிள்ளையைப் புதிய மாணவராகச் சேர்த்து இன்னொரு எமிஸ் எண் வாங்கிவிடுவது இந்த இடத்தில் அடிக்கடி நடக்கும் தவறு. ஒரே பிள்ளைக்கு இரண்டு எண்கள் வந்தால், பழைய பள்ளியில் அவர் இடைநின்றவராக நிற்பார். புதிய பள்ளியில் அவருக்கு முந்தைய வரலாறே இருக்காது. முதலில் பிறந்த தேதி, தாய் பெயர், கைபேசி எண் ஆகியவற்றை வைத்துத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் பழைய பள்ளியின் தலைமை ஆசிரியருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு. பெரும்பாலும் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

## 4. ஒரு பிள்ளைக்கு ஒரு பெயர்

அதிக நேரம் எடுப்பது இந்த வேலைதான். குறுக்குவழி கிடையாது.

நமக்குக் குடும்பப் பெயர் இல்லை; இனிஷியல் உண்டு. அது பெயருக்கு முன்னால் வரும், பின்னால் வரும், சில ஆவணங்களில் அப்பாவின் முழுப் பெயராக விரியும். தமிழில் ஒரே எழுத்து, ஆங்கிலத்தில் பல வேடம் போடும். கயல்விழி, யாழினி, தமிழரசி போன்ற பெயர்களில் வரும் ழகரத்துக்கு 'இசட் எச்' போடுபவரும் உண்டு, வெறும் 'எல்' போடுபவரும் உண்டு. கவிதாவில் 'டி'க்குப் பின் 'எச்' வருமா வராதா என்பது எழுதும் கையைப் பொறுத்தது. ஆக, பிறப்புச் சான்றிதழில் ஒன்று, ஆதாரில் ஒன்று, வங்கிப் புத்தகத்தில் ஒன்று, பள்ளியில் ஒன்று. உதவித்தொகை கணக்கில் ஏறாமல் திரும்பும்போதுதான் இது தெரியவரும்.

வேலையை இப்படி வரிசைப்படுத்துங்கள்.

முதலில் பிறப்புச் சான்றிதழைப் பாருங்கள். அதில் பிள்ளையின் பெயர் இருக்கிறதா என்று கவனியுங்கள். பிறந்தபோது பெயர் வைக்காததால் பெயரில்லாமலேயே பதிவான சான்றிதழ்கள் ஏராளம். பிறந்து ஓராண்டுக்குள் கட்டணமின்றியும், அதன் பின் 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணத்துடனும் பெயரைச் சேர்க்க வழி உண்டு. ஒன்றாம் வகுப்பிலேயே பெற்றோரிடம் சொல்லிவிட்டால் நேரம் தாராளமாக இருக்கும். பத்தாம் வகுப்பில் சொன்னால் எல்லை முடிந்துகொண்டிருக்கும்.

அடுத்து, தமிழில் பெயரையும் இனிஷியலையும் முடிவு செய்யுங்கள். பெற்றோரை உட்காரவைத்து எழுதிக் காட்டி, படித்துப் பார்க்கச் சொல்லிக் கையெழுத்து வாங்குங்கள். படிக்கத் தெரியாதவர் என்றால் நீங்கள் உரக்கப் படியுங்கள்.

அதன் பிறகுதான் ஆங்கில எழுத்துகள். பிறப்புச் சான்றிதழில் ஆங்கிலப் பெயர் இருந்தால் அதையே பள்ளியிலும் வையுங்கள். ஆதார் அதனோடு மாறுபட்டால் ஆதாரைத் திருத்தச் சொல்லுங்கள். ஆதாரைப் பார்த்துப் பள்ளிப் பதிவை மாற்றுவது தலைகீழ் வேலை. நாளை வேறொரு பிழையுடன் ஆதார் மாறினால், நாமும் மாறிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும்.

இவையெல்லாம் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கான பெயர்ப்பட்டியல் தயாராவதற்கு முன் முடிய வேண்டும். மதிப்பெண் சான்றிதழில் அச்சான பிழையைத் திருத்தப் பெற்றோர் படும் அலைச்சல் சாதாரணமானது அல்ல. ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு நாள் கூலி போகும்.

பிறந்த தேதியில் இன்னொரு சிக்கல் உண்டு. பட்டியலை எடுத்து, ஜூன் முதல் வாரத் தேதிகளை எண்ணிப் பாருங்கள். அளவுக்கு மீறி இருந்தால், சேர்க்கை நாளில் வயதைச் சரிக்கட்ட யாரோ எழுதிய தேதிகள் அவை. சான்றிதழ் கேட்டு ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள்.

ஆதார் இல்லை என்பதற்காக எந்தப் பிள்ளையையும் சேர்க்காமல் திருப்பி அனுப்பாதீர்கள். பள்ளிச் சேர்க்கைக்கு ஆதாரைக் கட்டாயமாக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பரில் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆதார் உள்ள பிள்ளைகளுக்கு 5 வயதிலும் 15 வயதிலும் கைரேகை, கருவிழிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும் என்பதை மட்டும் பெற்றோருக்கு நினைவூட்டுங்கள்.

## 5. போகிறவர், வருகிறவர்

மாற்றுச் சான்றிதழில் கையெழுத்துப் போடும் அதே நாளில், எமிஸ் தளத்தில் பிள்ளையைப் பொதுத் தொகுப்புக்கு (புதிய பள்ளி பெயரை எடுத்துச் சேர்த்துக்கொள்ளும் இடம்) விடுவியுங்கள். ஒன்றை இன்றும் மற்றொன்றை 'அப்புறமும்' என்று பிரித்தால் அந்த அப்புறம் வராது. எண்ணிக்கை குறைந்துவிடுமே என்று பிடித்துவைப்பது பிள்ளைக்குச் செய்யும் கெடுதல்.

மாற்றுச் சான்றிதழ் தாமதமாகிறது என்பதைக் காட்டிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு சொல்கிறது. ஆகவே முதலில் சேருங்கள். தாள் பின்னால் வரட்டும்.

செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் போகும் குடும்பங்கள் உங்கள் ஊரில் இருந்தால் அவர்களுக்குத் தனிப் பட்டியல் வையுங்கள். எந்த மாதம் கிளம்புவார்கள், எந்த ஊருக்கு, எப்போது திரும்புவார்கள் என்று மூன்று தகவல்கள். கிளம்பும் முன்பே கேட்டு எழுதிவிட்டால், அந்த ஊர்ப் பள்ளிக்குச் சொல்லி வைக்கலாம். போன பிறகு தேடினால் கைபேசி எண்கூட மாறியிருக்கும்.

## 6. வருகையை வருகை நேரத்திலேயே எழுதுங்கள்

காலையில் பெயர் கூப்பிடும்போதே செயலியில் பதியுங்கள். இணையம் கிடைக்காவிட்டால் தாளில் எழுதி, இணைப்பு வந்ததும் தாளைப் பார்த்து ஏற்றுங்கள். மதியத்துக்கு மேல் நினைவிலிருந்து பதிந்தால் எல்லோரும் வந்ததாகவே தோன்றும். தாமதமாக வரும் பிள்ளையைத் திருத்திச் சேர்க்கும் பொறுப்பை ஒருவருக்குக் கொடுத்துவிடுங்கள்.

இதைச் சரிபார்க்க எளிய வழி, சத்துணவு அமைப்பாளரிடம் அன்றைய எண்ணிக்கையைக் கேட்பது. வருகை 84, சாப்பிட்டவர் 61 என்றால் காரணம் இருக்க வேண்டும். வீட்டிலிருந்து சாப்பாடு கொண்டுவருபவர் எத்தனை பேர் என்று உங்களுக்குத் தெரிந்திருந்தால் உடனே புரிந்துவிடும். தொடக்கப் பள்ளியில் காலை உணவு எண்ணிக்கையும் உண்டு. மூன்று எண்களையும் வாரம் ஒரு நாள் அருகருகே எழுதுங்கள்.

இனி பயன்படுத்துவது. வகுப்பின் சராசரி வருகை 90 விழுக்காடு என்பதை நம்பி அமைதியாகிவிடாதீர்கள். 30 பேர் உள்ள வகுப்பில், எல்லோரும் பத்து நாளில் ஒரு நாள் விடுப்பு எடுத்தாலும் 90 வரும். மூன்று பேர் மாதம் முழுக்க எட்டிப் பார்க்காமல் மற்ற 27 பேரும் தவறாமல் வந்தாலும் 90-தான் வரும். முதல் நிலைமையில் கவலைப்பட எதுவும் இல்லை. இரண்டாவதில் மூன்று பிள்ளைகள் கைநழுவிக்கொண்டிருக்கிறார்கள்.

எனவே பிள்ளைவாரியாகப் பாருங்கள். சட்டப்படி 1 முதல் 5 வகுப்புகளுக்குக் குறைந்தது 200 வேலை நாட்கள். அதில் பத்தில் ஒரு பங்கு வராமல் போனால் 20 நாள், அதாவது மாதத்துக்கு ஏறக்குறைய இரண்டு நாள். ஜூன், ஜூலை, ஆகஸ்டில் மாதம் இரண்டு நாளுக்கு மேல் வராத பிள்ளைகளின் பெயர்களை ஆகஸ்ட் கடைசியில் எடுங்கள். நீண்ட நாள் வராதவர் பட்டியலில் அவர் ஏறும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. அப்போது வீட்டில் வேறு முடிவு எடுத்திருப்பார்கள்.

எத்தனை நாள் என்பதோடு எந்த நாள் என்றும் பாருங்கள். ஒரு பையனின் பதிவில் வியாழக்கிழமை தோறும் வெற்றிடம் இருந்தது. சென்று விசாரித்தால், அன்று வாரச் சந்தை. அம்மா கீரை விற்கப் போகும்போது கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேறு ஆளில்லை. அங்கன்வாடியில் சொல்லி அந்தக் குழந்தைக்கு இடம் கிடைத்ததும் வியாழக்கிழமையும் வந்தான். வருகை விழுக்காட்டில் இது தெரிந்திருக்காது. பதிவேட்டின் பக்கத்தை விரித்து, கிழமைவாரியாக விரலை ஓட்டினால் தெரியும்.

## 7. மதிப்பெண்ணோடு நின்றுவிடாதீர்கள்

மதிப்பெண் பதிவேட்டில் பத்துக்கு நான்கு என்று எழுதினால், அடுத்த நாள் என்ன பாடம் நடத்துவது என்று அது சொல்லாது. பிள்ளை என்ன விடை எழுதினான் என்பது சொல்லும்.

மூன்றாம் வகுப்பில் 52-இலிருந்து 27-ஐக் கழிக்கச் சொல்லுங்கள். தவறு செய்த தாள்களை மட்டும் எடுத்து விடைகளைப் பாருங்கள். 35 என்று எழுதியவர்கள் பலர் இருப்பார்கள். இரண்டிலிருந்து ஏழு போகாது என்பதால், ஏழிலிருந்து இரண்டைக் கழித்து ஐந்து என்று போட்டுவிட்டார்கள். பத்தாம் இடத்தில் ஐந்திலிருந்து இரண்டு போக மூன்று. இவர்களுக்குக் கழித்தல் தெரியும். பத்தாம் இடத்திலிருந்து கடன் வாங்கத்தான் தெரியவில்லை. 79 என்று எழுதியவர் கூட்டிவிட்டார். அவர் குறியைக் கவனிக்கவில்லை அல்லது கணக்கின் வாக்கியம் அவருக்குப் புரியவில்லை. எதுவுமே எழுதாமல் விட்டவரின் தேவை முற்றிலும் வேறு. மூவருக்கும் மதிப்பெண் பூஜ்யம்தான். ஆனால் முதல் பிள்ளைக்குக் குச்சிக் கட்டுகளை அவிழ்த்துக் காட்ட வேண்டும், இரண்டாமவருடன் கணக்கைச் சேர்ந்து வாசிக்க வேண்டும், மூன்றாமவருக்கு ஒற்றை இலக்கத்திலிருந்து தொடங்க வேண்டும்.

ஆகவே மாதம் ஒரு முறையாவது, ஒரு பாடத்தில் ஒரே ஒரு கேள்விக்கு இதைச் செய்யுங்கள். நோட்டில் கேள்வியை எழுதி, கீழே வந்த தவறான விடைகளையும், ஒவ்வொன்றின் எதிரே பிள்ளைகளின் பெயர்களையும் எழுதுங்கள். அரை மணி நேர வேலை. அடிப்படை எழுத்தறிவுக்கும் எண்ணறிவுக்குமான 'எண்ணும் எழுத்தும்' திட்ட வகுப்புகளில் பிள்ளைகளை நிலைவாரியாகப் பிரிக்கிறோம். அந்த நிலைக்குள்ளும் யாருக்கு எங்கே அடைத்துக்கொண்டிருக்கிறது என்பதை இந்தப் பக்கம் காட்டிவிடும்.

இரண்டு எச்சரிக்கைகள். எட்டுப் பேர் உள்ள வகுப்பில் ஒரு பிள்ளை என்பது 12.5 விழுக்காடு. தேர்ச்சி 75-இலிருந்து 87.5 ஆக உயர்ந்தது என்று சொல்லும்போது உண்மையில் ஒரே ஒரு பிள்ளை கூடுதலாகத் தேர்ந்திருக்கிறார். சிறு பள்ளிகளில் விழுக்காட்டை விட்டுவிட்டுப் பெயர்களைப் பேசுங்கள். இன்னொன்று, சென்ற ஆண்டு ஐந்தாம் வகுப்பையும் இந்த ஆண்டு ஐந்தாம் வகுப்பையும் ஒப்பிட்டு ஆசிரியரை எடைபோடாதீர்கள். அவர்கள் வேறு பிள்ளைகள். சென்ற ஆண்டு நான்காம் வகுப்பில் இருந்த அதே பிள்ளைகள் இன்று எங்கே இருக்கிறார்கள் என்று பாருங்கள்.

## 8. மாதம் ஒரு முறை, ஒரே ஒரு தாளோடு உட்காருங்கள்

மாதத்தின் கடைசி வேலை நாளில் நாற்பது நிமிடம். ஆசிரியர்கள் அனைவரும் இருக்க வேண்டும். ஒரே தாளில் மூன்று பகுதிகள்: இந்த மாதம் வருகை குறைந்த பிள்ளைகளின் பெயர்கள், ஒரு கேள்வியின் தவறான விடைகள், திருத்தக் குறிப்பேட்டில் முடியாமல் நிற்கும் பதிவுகள்.

ஒவ்வொரு பெயருக்கும் எதிரே யார், என்ன செய்வார், எந்தத் தேதிக்குள் என்று எழுதாமல் எழாதீர்கள். 'கவனிக்கப்படும்' என்று எழுதினால் யாரும் கவனிக்கமாட்டார்கள். அடுத்த மாதக் கூட்டம் அந்தத் தேதிகளைப் படிப்பதிலிருந்து தொடங்கட்டும்.

பள்ளி மேலாண்மைக் குழுவிடமும் தரவைக் கொண்டுபோங்கள். குழுவில் முக்கால் பங்கு பெற்றோர்தான் இருக்க வேண்டும் என்பது சட்டம். அவர்களிடம் விழுக்காடுகளைப் படிக்காமல், "மேலத்தெருவிலிருந்து ஆறு பிள்ளைகள் திங்கட்கிழமை வருவதில்லை, என்ன காரணம்?" என்று கேளுங்கள். அந்தத் தெருவில் குடியிருப்பவர்கள் அங்கேயே உட்கார்ந்திருப்பார்கள். பிள்ளைகளின் பெயர்களை மட்டும் கூட்டத்தில் சொல்லாதீர்கள்.

## 9. மேலே அனுப்பும் முன்

2022-23 முதல் யு-டைஸ் பிளஸ் ஒவ்வொரு மாணவரின் விவரத்தையும் தனித்தனியாகக் கேட்கிறது. முன்பு வகுப்புக்கு ஒரு மொத்த எண் போதுமாக இருந்தது. இப்போது மொத்தம் சரியாக இருந்தும் உள்ளே இருக்கும் பிள்ளை தவறாக இருக்கலாம். ஆகவே மொத்தத்தைக் கூட்டிப் பார்த்து நிம்மதியடையாதீர்கள்.

படிவத்தை நிரப்பியவர் அதைச் சரிபார்க்கக் கூடாது. தன் பிழை தன் கண்ணுக்குப் படாது. இன்னோர் ஆசிரியர் பதிவேட்டிலிருந்து ஏதாவது பத்துப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, எல்லாக் கட்டங்களையும் ஒப்பிடட்டும். இரண்டு பேரில் பிழை இருந்தாலே, பட்டியல் முழுவதையும் மறுபடி பாருங்கள்.

கட்டட விவரங்களை மேசையில் உட்கார்ந்து நிரப்பாதீர்கள். எத்தனை கழிப்பறைகள் என்றும், அவற்றில் பயன்பாட்டில் உள்ளவை எத்தனை என்றும் படிவம் தனித்தனியாகக் கேட்கிறது. தாளோடு எழுந்து போங்கள். கதவைத் திறந்து, தாழ்ப்பாள் விழுகிறதா, குழாயில் தண்ணீர் வருகிறதா என்று பாருங்கள். பூட்டிக் கிடப்பது பயன்பாட்டில் உள்ளது ஆகாது. சென்ற ஆண்டுப் படிவத்தைப் பார்த்து அப்படியே எழுதினால், பழுதுபார்க்கப் பணம் கேட்கும் உரிமையை நீங்களே விட்டுக்கொடுக்கிறீர்கள். 'இருக்கிறது' என்று கையெழுத்துப் போட்டவருக்கு எதற்கு நிதி என்றுதான் கேட்பார்கள்.

அனுப்பியதும் முழுப் படிவத்தையும் அச்செடுத்து, தேதியிட்டுக் கோப்பில் வையுங்கள்.

## 10. பிள்ளையின் தகவல் பிள்ளையுடையது

ஆதார் எண், வங்கிக் கணக்கு, சாதிச் சான்றிதழ், தாயின் கைபேசி எண். இவற்றைப் படம் பிடித்து வாட்ஸ்அப் குழுவில் போடும் பழக்கத்தை இன்றே நிறுத்துங்கள். 2023-இல் நிறைவேறிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாத அனைவரையும் குழந்தையாகவே கருதி, அவர்கள் தகவலுக்குக் கூடுதல் பாதுகாப்பு கேட்கிறது.

சாதியை வகுப்பில் எழுந்து நிற்கவைத்துக் கேட்காதீர்கள். சான்றிதழைப் பார்த்து எழுதுங்கள், அல்லது பெற்றோரைத் தனியாகக் கேளுங்கள். வகுப்பில் கேட்டால், படிவத்தில் ஒரு கட்டத்தை நிரப்ப அரை நிமிடம் மிச்சமாகும். அந்தப் பிள்ளை சுற்றியுள்ள முகங்களைப் பார்த்தபடி நின்ற நேரத்தை மறக்க மாட்டாள். இதில் விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

கடவுச்சொல்லைச் சுவரில் ஒட்டாதீர்கள். கணினி மையத்தில் பதிவேற்றக் கொடுத்தால், பக்கத்தில் நின்று முடித்துவிட்டு, அந்தக் கணினியிலிருந்து கோப்பை அழித்த பிறகு வெளியேறுங்கள்.

## 11. தரவைக் கேட்கும் இடத்தில் இருப்பவர்களுக்கு

ஒன்றியத்திலும் மாவட்டத்திலும் இருப்பவர்கள் இதைப் படித்தால், மூன்று வேண்டுகோள்கள்.

எமிஸ் தளத்தில் ஏற்கெனவே இருக்கும் தகவலை மாலை நான்கு மணிக்கு 'மிக அவசரம்' என்று புதிய அட்டவணையில் மறுபடி கேட்காதீர்கள். ஒரே தகவலை மூன்றாம் முறை எழுதும் ஆசிரியர் மூன்று வேறு எண்களைத் தருவார். ஈராசிரியர் பள்ளியில் அந்த ஒரு மணி நேரம் பாதிப் பள்ளிக்குப் பாடம் இருக்காது.

வருகை விழுக்காட்டை வைத்துப் பள்ளிகளை வரிசைப்படுத்திக் கூட்டத்தில் வாசிக்காதீர்கள். அடுத்த வாரமே எல்லாப் பள்ளிகளும் நூறைத் தொடும். வராத பிள்ளை வீட்டிலேயே இருப்பான். குறைந்த எண்ணை நேர்மையாகத் தந்த தலைமை ஆசிரியரிடம் என்ன உதவி வேண்டும் என்று கேளுங்கள். எண்களை நம்ப வேண்டுமென்றால் நேரில் சென்று மறுபடி எண்ணிப் பார்ப்பதே வழி. யு-டைஸுக்கு முந்தைய டைஸ் காலத்தில் 5 விழுக்காடு பள்ளிகளில் மறுசரிபார்ப்பு என்ற ஏற்பாடு இருந்தது. ஒன்றியத்தில் இரண்டு மூன்று பள்ளிகள் என்றாலும் அதைத் தவறாமல் செய்யுங்கள்.

பெற்றுக்கொண்ட தரவை ஒரு பக்கமாகச் சுருக்கிப் பள்ளிக்குத் திருப்பி அனுப்புங்கள். தான் அனுப்பிய எண்ணுக்கு என்ன ஆயிற்று என்று ஒருமுறை பார்த்தவர், அடுத்த முறை கவனமாக எழுதுவார்.

## 12. பணிமாறுதலுக்கு முன் ஒப்படைப்பு

ஒப்படைப்புப் பட்டியலில் மேசை, நாற்காலி, பீரோச் சாவி எல்லாம் இருக்கும், தரவு இருக்காது. உங்கள் ஆணை வந்த நாளில் கூடுதலாக இரண்டு பக்கம் எழுதுங்கள்.

முதல் பக்கத்தில், முடியாமல் நிற்கும் திருத்தங்கள்: எந்தப் பிள்ளைக்கு எந்த ஆவணம் எங்கே காத்திருக்கிறது. இரண்டாம் பக்கத்தில், கணினிக்குத் தெரியாத செய்திகள்: எந்த வீட்டில் அம்மாவிடம் மட்டும் பேச வேண்டும், யார் தை மாதம் சூளைக்குக் கிளம்புவார்கள், எந்தப் பிள்ளைக்குக் கரும்பலகை எழுத்து தெரியாமல் முன் வரிசையில் இடம் கொடுத்திருக்கிறோம். திருத்தக் குறிப்பேட்டின் மேல் இந்த இரண்டு பக்கங்களையும் குத்தி, புதியவர் கையில் நேரில் கொடுங்கள். முதல் வாரம் தளத்தைத் திறக்க வேண்டாம், வகுப்புகளுக்குப் போய்ப் பெயர் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.